பம்ப் மேல் பழி போடும் முன்பு
பல் பீங்கான் உலையும் வேக்குவம் பம்ப்பும்: ஒரு வியாபாரியின் விளக்கம்



நாற்பது வருடங்களாக மணிலாக் கொட்டையும் தானியமும் மொத்த வியாபாரம் செய்து வருபவன் பல் செய்யும் உலையைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என் அண்ணன் மகன் திருவண்ணாமலையில் ஒரு சிறிய பல் லேப் நடத்தி வருகிறான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால், அதற்குத் தகுந்தபடி பீங்கான் பல், கேப் முதலியவற்றைச் செய்து கொடுப்பது அவன் தொழில். எங்கள் பழைய கிடங்கை ஒட்டிய அறையில்தான் லேப் இருக்கிறது. முதல் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. நஷ்டம் வந்தபோது அதிலும் எனக்குப் பங்கு வந்தது. அந்த நஷ்டத்தில் கற்ற பாடத்தைத்தான் எழுதுகிறேன்.

பல் லேப் வைத்திருப்பவர்கள் நம் சங்கத்தில் ஒரு சிலரே. ஆனால் முந்திரி, பேரீச்சை, காபித் தூள் ஆகியவற்றைக் காற்று நீக்கி பேக் செய்யும் மெஷின் இன்று பல கடைகளில் இருக்கிறது. அதிலும் ஒரு வேக்குவம் பம்ப்தான் வேலை செய்கிறது. ஆகவே இந்தக் கணக்கு எல்லோருக்கும் பயன்படும்.

நடந்தது என்ன?

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம். ஊர் முழுக்க வெளியூர் ஜனம். அந்த நேரத்தில் லேப்பில் சுட்டு எடுத்த கேப்புகள் எல்லாம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து மங்கலாக வந்தன. பல்லுக்கு இருக்க வேண்டிய உள்ளொளி இல்லை. அதில் ஒரு செட் ஒரு பள்ளி ஆசிரியைக்கு உரிய முன்பற்கள். தை மாதம் அவர் மகள் கல்யாணம். டாக்டர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறையும் இப்படியே வந்தால் வேறு லேப்பைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

பையன் சர்வீஸ்காரருக்குப் போன் செய்தான். அவர் வந்து பார்க்காமலே, “பம்ப் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்” என்றார். “சித்தப்பா, பம்ப் போச்சாம், என்ன பண்றது?” என்று என்னிடம் வந்தான். தீப நேரத்தில் தொழில் நிற்கக் கூடாது, வாங்கிவிடு என்று நான்தான் சொன்னேன். 28,000 ரூபாய் கொடுத்துப் புதுப் பம்ப் வந்தது. மாட்டிச் சுட்டோம். கேப் அதே மங்கலாகவே வந்தது!

குறை எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால், உலைக்குள் பம்ப் செய்யும் வேலை என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

காற்றை ஏன் எடுக்க வேண்டும்?

பல் பீங்கான் என்பது மிக மெல்லிய கண்ணாடி போன்ற தூள். அதைத் தண்ணீரிலோ அதற்குரிய திரவத்திலோ குழைத்து, உலோகச் சட்டத்தின் மேல் பிரஷ்ஷால் பல் வடிவத்தில் கட்டுவார்கள். கட்டிய தூளின் மணிகளுக்கு இடையே எங்கும் காற்று இருக்கும். படியில் அரிசியை அளந்தால் மணிகளுக்கு இடையே இடம் இருப்பதில்லையா? அதே போலத்தான். உலையில் சூடு ஏறும்போது தூள் இளகி, மணியும் மணியும் ஒட்டி, இடைவெளிகள் மூடிக்கொள்ளும். இதனால் கட்டிய கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். கைதேர்ந்தவர்கள் பல்லைச் சற்றுப் பெரிதாகவே கட்டுவது இதற்காகத்தான்.

இடைவெளி மூடும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற முடியாமல் சிக்கினால், அது குமிழியாக நின்றுவிடும். குமிழி இருந்தால் என்ன கெடுதல்? ஐஸ் கம்பெனியில் இருந்து வரும் ஐஸ் பாளத்தைப் பாருங்கள். ஓரம் கண்ணாடி போல் தெளிவாகவும் நடுப்பகுதி வெள்ளையாகவும் இருக்கும். இரண்டும் ஒரே தண்ணீர்தான். நடுவில் சிக்கிய நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் அங்கே வெள்ளையாகத் தெரிகிறது. பீங்கான் பல்லும் அப்படியே. குமிழி அதிகமானால் சுண்ணாம்பு நிறம் வரும், வலிமையும் குறையும். மேற்பரப்பைத் தேய்க்கும்போது குமிழி வாய் திறந்தால் சிறு பள்ளமாகி அழுக்குச் சேரும்.

பீங்கானால் பல்லுக்கு உறை செய்யும் முறை பழையது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லாண்ட் என்பவர் 1880-களின் இறுதியில் இதில் முன்னோடியாக இருந்தார். 1927-இல் தனியாக விமானம் ஓட்டி அட்லாண்டிக் கடலைக் கடந்தாரே லிண்ட்பர்க், அவருடைய தாய்வழிப் பாட்டனார் இவர். அக்காலத்தில் உலைக்குள் காற்று அப்படியே இருக்கும். ஆகவே பல் மங்கலாகத்தான் வரும். காற்றை நீக்கிச் சுடும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. 1962-இல் உலோகத்தின் மேல் பீங்கானை ஒட்டவைக்கும் வைன்ஸ்டைன் காப்புரிமைகள் வந்த பிறகு, இன்று நாம் காணும் மெட்டல் செராமிக் கேப் உலகெங்கும் பெருகியது. அதன் கூடவே வேக்குவம் பம்ப்பும் லேப்புக்கு லேப் வந்து சேர்ந்தது.

இப்போது ஜிர்கோனியா வந்து பழைய வேலையில் பாதியைப் பிடித்துக்கொண்டதே என்பீர்கள். உண்மைதான். ஜிர்கோனியாவை 1,500 டிகிரி அளவில் கெட்டியாக்கும் பெரிய உலைக்குப் பொதுவாக வேக்குவம் தேவையில்லை. ஆனால் அதன் மேல் அழகுக்காகப் பீங்கான் அடுக்கு கட்டினால் மறுபடியும் வேக்குவம் உலைக்குத்தான் வர வேண்டும். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானையும் வேக்குவத்தில்தான் சுடுகிறார்கள். ஆகவே பம்ப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எப்போது எடுப்பது, எப்போது விடுவது?

பம்ப் உலை எரியும் நேரம் முழுவதும் ஓடுவதில்லை. முதலில் ஈரமான பல்லை உலை வாயில் வைத்து நிதானமாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு உள்ளே தள்ளினால் தண்ணீர் நீராவியாகிக் கட்டியதை வெடிக்கச் செய்யும். உலர்ந்த பிறகு உலை மூடும். பவுடரின் வகைக்கு ஏற்ப 500 முதல் 650 டிகிரி அளவில் பம்ப் ஓடத் தொடங்கும். சூடு 900 டிகிரிக்கு மேல் ஏறும்வரை பம்ப் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். உச்சச் சூட்டிலோ, அதற்குச் சற்று முன்போ வால்வு திறந்து, வெளிக்காற்றை மறுபடி உள்ளே விடும்.

கஷ்டப்பட்டு எடுத்த காற்றை மறுபடி ஏன் விட வேண்டும்? எந்தப் பம்ப்பும் காற்றை முழுவதும் எடுத்துவிடாது. பத்தில் ஒரு பங்கு மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். பீங்கானின் மேற்பரப்பு இளகி மூடிக்கொண்ட பிறகு, உள்ளே சிக்கிய குமிழியில் இருப்பது அந்த மெலிந்த காற்றுதான். இப்போது வெளிக்காற்றை விட்டால், பத்து மடங்கு அழுத்தம் மேலிருந்து அமுக்கும். குமிழி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே பம்ப் செய்வது பாதி வேலை. மீதியை நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலம் செய்கிறது.

இதில் இருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, மேற்பரப்பு மூடுவதற்கு முன்பே வேக்குவம் முழு ஆழத்துக்குப் போயிருக்க வேண்டும். காற்று சிக்கியபடி மூடிவிட்டால் மறுபடி எத்தனை முறை சுட்டாலும் அது வெளியே வராது. இரண்டாவது, மூடிய பிறகும் வேக்குவத்தை வெகு நேரம் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் குமிழிகள் ஊதிப் பெருத்து மேலெழும்பிக் கொப்புளமாகும். கடைசியில் மினுமினுப்புக்காகச் சுடும் கிளேஸ் சூட்டுக்கு வேக்குவம் வைக்காமல் இருப்பது இதனால்தான்.

கேஜ் முள் சொல்வது என்ன?

இனி வருவது நம் கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம்.

பெரும்பாலான உலைகளிலும் பம்ப்களிலும் உள்ள கேஜ், பாதரச அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ எண் காட்டும். 28 அங்குலம் என்றால் 28 அங்குலத்துக்குச் சமமான காற்றை வெளியே எடுத்துவிட்டோம் என்று பொருள். கவனியுங்கள். அது எடுத்ததைச் சொல்கிறதே தவிர, உள்ளே மிஞ்சியதைச் சொல்லவில்லை. கிடங்கில் இருந்து 280 மூட்டை வெளியே போனது என்று மட்டும் சொன்னால் இருப்பு எவ்வளவு என்று சொல்ல முடியுமா? ஆரம்ப இருப்பு 300-ஆ, 290-ஆ என்று தெரிய வேண்டும். பல்லைக் கெடுப்பது வெளியே போன காற்று அல்ல, உள்ளே இருப்பாக நிற்கும் காற்று.

அந்த ஆரம்ப இருப்பு ஊருக்கு ஊர் மாறும். உயரம் கூடக்கூட நம் மேல் உள்ள காற்றின் சுமை குறையும். 1,000 அடிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் குறையும் என்பது கைக்கணக்கு. கடற்கரையில் உள்ள சென்னையில் ஆரம்ப இருப்பு ஏறக்குறைய 30 அங்குலம். நம் திருவண்ணாமலை ஊர் மட்டத்தில் சுமார் 29¼. சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 27. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 23 அங்குலம்தான்.

இப்போது ஒரே எண்ணை மூன்று ஊரில் வைத்துப் பாருங்கள். கேஜ் 26 காட்டுகிறது. பெங்களூரில் என்றால் மிஞ்சியது 1 அங்குலம். அருமையான பம்ப். திருவண்ணாமலையில் என்றால் மிஞ்சியது 3¼. சந்தேகப்பட வேண்டும். சென்னையில் என்றால் மிஞ்சியது 4 அங்குலம். கேப் மங்கலாக வந்தால் ஆச்சரியம் இல்லை. அதே சமயம் உதகையில் உலையில் 28 அங்குலம் என்று புரோகிராம் போட்டுவிட்டு எத்தனை புதுப் பம்ப் மாற்றினாலும் அந்த எண் வரவே வராது. இல்லாத சரக்கை எப்படி எடுப்பது?

நமக்குத் தெரிந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். ஊரில் 28½ காட்டும் நல்ல பம்ப்பை, தீபம் ஏற்றும் 2,668 அடி உயர மலையுச்சிக்குச் சுமந்துகொண்டு போனால், அங்கே அது 26½ அளவில்தான் காட்டும். பம்ப் கெட்டுப்போகவில்லை. மலையுச்சியில் காற்றின் சுமையே அவ்வளவுதான். அதே போல் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் நாட்களில் காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், முள்ளும் சுமார் 0.3 அங்குலம் இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

முள்ளில் இரண்டு அங்குலம் குறைந்தால் என்ன, 28-க்குப் பதில் 26 தானே என்று எண்ணிவிடவும் கூடாது. கடல் மட்டத்தில் 28 என்றால் மிஞ்சியது 2, 26 என்றால் மிஞ்சியது 4. எடுத்த கணக்கில் வித்தியாசம் சிறிது. இருப்புக் கணக்கிலோ இரு மடங்கு. குமிழியின் அளவும் ஏறக்குறைய அதே கணக்கில் பெருகும்.

சில புதிய உலைகள் மிஞ்சிய அழுத்தத்தையே மில்லிபாரில் காட்டும். அங்கே எண் குறையக் குறைய நல்லது. 50 மில்லிபார் என்றால் சுமார் 1½ அங்குலம் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். பழைய உலையில் பழகியவர் புதிய உலையைப் பார்த்து, எண் இறங்குகிறதே என்று கலங்கியதும் உண்டு. எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று முதலில் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்ப்பின் குணங்கள்

பல் உலைக்கு இரண்டு வகைப் பம்ப் வரும். ஒன்று எண்ணெயில் ஓடும் ரோட்டரி பம்ப். மற்றொன்று எண்ணெய் இல்லாமல் பிஸ்டனிலோ டயாபிரம் என்ற ரப்பர்த் தகட்டிலோ ஓடுவது. எண்ணெய்ப் பம்ப் ஆழமாக இழுக்கும், ஆனால் பராமரிப்பு அதிகம். எண்ணெய் இல்லாததில் பராமரிப்பு குறைவு. ஆனால் ரப்பர்த் தகடு கிழிந்தால் ஆழம் போய்விடும்.

இரண்டுக்கும் பொது எதிரி ஈரம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பது பள்ளியில் படித்த பாடம். 2 அங்குலம், அதாவது சுமார் 50 மில்லிமீட்டர் மிஞ்சும் அளவுக்குக் காற்றை எடுத்துவிட்டால், தண்ணீர் 38 டிகிரியிலேயே கொதிக்கும். அது நம் ஊர்ச் சித்திரை வெயிலின் சூடு! சரியாக உலராத பல்லில் இருந்து வரும் நீராவி பம்ப்புக்குள் போய்த் திரும்பத் தண்ணீராகி எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் இதுதான் காரணம். அத்தகைய எண்ணெயில் பம்ப் ஆழத்துக்குப் போகாது, உள்ளே துருவும் பிடிக்கும். அன்றன்றைய வேலை முடிந்ததும், கைப்புத்தகம் அனுமதிக்கும் முறையில், சில நிமிடம் பம்ப்பைக் காற்று இழுக்கவிட்டு ஓட்டினால் உள்ளே உள்ள ஈரம் போய்விடும்.

அடுத்தது வேகம். பழசாகும் பம்ப் கடைசியில் அதே 28-ஐத் தொட்டுவிடும். ஆனால் முன்பு ஒரு நிமிடத்துக்குள் தொட்டது, இப்போது மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். எண் வந்துவிட்டதே என்று நாம் ஏமாந்துவிடுவோம். உலையோ நிமிடத்துக்கு 50 டிகிரி வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடத் தாமதம் என்றால் 100 டிகிரி போய்விட்டது. தூள் இளகத் தொடங்கும் நேரத்தில்தான் வேக்குவம் ஆழத்துக்கு வருகிறது. ஆகவே எவ்வளவு என்று பார்ப்பதோடு எத்தனை நொடியில் என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மோட்டார் திணறும், சூடாகும், சில சமயம் கிளம்பவே கிளம்பாது. நடுவில் கரண்ட் போனால் வேக்குவம் உடையும். சில எண்ணெய்ப் பம்ப்களில், தடுப்பு வால்வு சரியில்லாவிட்டால், எண்ணெய் குழாய் வழியே திரும்ப ஏறிவிடும். உலைக்கும் பம்ப்புக்கும் சேர்த்து ஒரு நல்ல யு.பி.எஸ். வைப்பது செலவு அல்ல, இன்சூரன்ஸ்.

சத்தத்தையும் கேட்டுப் பழக வேண்டும். தொடக்கத்தில் தடித்த சத்தம் வரும். காற்று குறையக் குறைய மெலிந்து நிதானமாகும். கடைசிவரை கொடகொடவென்றே சத்தம் வந்தால் எங்கிருந்தோ காற்று வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

குறை எங்கே இருந்தது?

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். புதுப் பம்ப்பிலும் கேப் மங்கலாக வந்ததும், எனக்கு ஏ.சி. மற்றும் கம்ப்ரசர் வேலை செய்யும் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் நினைவுக்கு வந்தார். வயதானவர். பல் உலையை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வந்தவுடன் உலைப் பக்கமே போகவில்லை. பம்ப்பில் இருந்து ஹோஸைக் கழற்றினார். தன் பையில் இருந்த கேஜைப் பம்ப் வாயிலேயே நேராக மாட்டி ஓட்டினார். முள் 28½-க்குப் போய் நின்றது. “பழைய பம்ப்பை எங்கே வச்சிருக்கீங்க?” என்றார். மூலையில் கிடந்ததை எடுத்து அதையும் அப்படியே பார்த்தார். அதுவும் 28½-தான்!

“மொதலாளி, ரெண்டு பம்ப்பும் நல்லாத்தான் இருக்கு. காத்து வேற எங்கயோ வருது” என்றார்.

பிறகு ஹோஸை மாட்டி, உலையைச் சூடேற்றாமல் மூடி, வேக்குவம் ஏற்றினார். முள் 25-க்கு மேல் ஏறவில்லை. பம்ப்பை நிறுத்தி ஹோஸை இறுக்கிப் பிடித்ததும், முள் கண் முன்னே சரசரவென்று இறங்கியது. உலையின் தட்டும் மேல்பாகமும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. விரலால் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளைத் தூள். பீங்கான் தூள் மாதக்கணக்கில் விழுந்து படிந்திருந்தது. அதைத் துடைத்ததும் முள் 27-க்கு வந்தது. வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், ஓர் இடத்தில் மயிரிழை போல ஒரு வெட்டு. புது வளையம் வரவழைத்து மாட்டியதும் 28½. மறுநாள் சுட்ட முன்பற்கள் தெளிவாக வந்தன. ஆசிரியையின் மகள் கல்யாணத்துக்கு முன்பே பல் போய்ச் சேர்ந்தது. டாக்டரும் தொடர்ந்து வேலை கொடுத்து வருகிறார்.

வளையத்தின் விலை புதுப் பம்ப்பின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சர்வீஸ்காரரைக் குறை சொல்வதா? அவர் பார்க்காமல் சொன்னார். நான் பார்க்காமல் பணம் கொடுத்தேன். சரக்கை மூட்டை பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். அந்த 28,000 ரூபாயில் என் தவறுதான் பெரிது.

கண்டுபிடிக்கும் வழி

அன்று அந்த மெக்கானிக் செய்ததையும், பிறகு நாங்கள் பழகிக்கொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். லேப் வைத்திருப்பவர்கள் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

1. பம்ப்பைத் தனியாகச் சோதிக்கவும். ஹோஸைக் கழற்றி, கேஜை நேராகப் பம்ப்பில் மாட்டவும். உங்கள் ஊரின் ஆரம்ப இருப்பில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைவாக வந்தால் பம்ப் நல்லது.

2. பம்ப் நல்லதென்றால், உலை குளிர்ந்திருக்கும்போது மூடி வேக்குவம் ஏற்றவும். பிறகு பம்ப்பை நிறுத்தி, முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கவும். வேகமாக இறங்கினால் ஓட்டை இருக்கிறது.

3. முதலில் ரப்பர் வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் பார்க்கவும். உலை ஆறிய பிறகு, பஞ்சு படியாத மெல்லிய துணியால் துடைக்கவும். பல் வைக்கும் தட்டு ஓரத்தில் இடிக்கிறதா என்றும் பார்க்கவும்.

4. அடுத்து ஹோஸ். வேக்குவத்துக்கு உரிய கெட்டியான ஹோஸ்தான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த மெல்லிய டியூபைப் போட்டால், உள்ளே காற்று போனதும் சப்பையாகி வழி அடைத்துக்கொள்ளும். மடிப்பு, வெடிப்பு, தளர்ந்த கிளிப் ஆகியவற்றைப் பார்க்கவும்.

5. பிறகு ஃபில்டரும் சோலினாய்டு வால்வும். ஃபில்டர் அடைத்திருந்தால் வேகம் குறையும். வால்வு முழுதும் மூடாவிட்டால் வேக்குவம் நிற்காது. திறக்காவிட்டால் காற்று உள்ளே வராது, உலையும் திறக்காது. அப்போது பலவந்தமாக இழுத்துத் திறக்க வேண்டாம்.

6. குளிர்ந்த உலையில் சரியாக நின்று, சூட்டில் மட்டும் முள் இறங்கினால், வளையம் சூட்டில் தளர்கிறது என்று சந்தேகிக்கவும்.

7. ஒரு நோட்டுப் போட்டு, வாரம் ஒரு முறை தேதி, எத்தனை நொடியில் எத்தனை அங்குலம் என்று எழுதி வைக்கவும். பம்ப் புதிதாக வந்த அன்று எழுதியதுதான் ஆரம்ப இருப்பு. அது இல்லாவிட்டால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

8. மங்கலாக வந்த எல்லாக் குற்றத்துக்கும் வேக்குவம் காரணமல்ல. சூடு போதாவிட்டாலும் மங்கும். சரியாக உலராமல் உள்ளே போனால் சாம்பல் நிறம் தட்டும். வேக்குவம் சரியென்று தெரிந்த பிறகு சூட்டையும் உலர்த்தும் நேரத்தையும் பார்க்கவும்.

நம் கடைகளுக்கும் இதே கணக்கு

காற்று நீக்கி பேக் செய்யும் மெஷின் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட் இறுகவில்லை, இரண்டு நாளில் உப்பிவிடுகிறது என்றால் உடனே பம்ப்பை மாற்றாதீர்கள். மூடியைச் சுற்றியுள்ள ரப்பரில் மாவும் மிளகாய்த் தூளும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் பட்டியில் மடிப்பு விழுகிறதா என்று பாருங்கள். எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அரைத்த தூள் வகைகளைப் பேக் செய்யும்போது தூள் பம்ப்புக்குள் போகாமல் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேக்குவம் என்பது ஏதோ அந்நிய வித்தை என்று நினைக்க வேண்டாம். 1650-களில் ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு செம்புக் கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்துக் காற்றை எடுத்துவிட்டு, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்துக் காட்டினார். குதிரைகளால் எளிதில் பிரிக்க முடியவில்லை. நமக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலைக் காவலூரில், 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு ஏற்றுவதும் வேக்குவக் கலத்தில்தான். அங்கே வேண்டிய ஆழம் பல் உலையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் எங்கும் முதல் கேள்வி ஒன்றே: மூடிய இடம் உண்மையில் மூடியிருக்கிறதா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

சர்வீஸுக்கு ஆள் வந்தால், பம்ப்பை மாற்ற வேண்டும் என்று சொல்லும் முன் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் பம்ப்பின் மாடல் எண்ணும் வாரண்டி காலமும் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு நல்ல வேக்குவம் கேஜ், இரண்டு மூன்று அளவில் இணைப்பான், ஒரு முழ ஹோஸ். இவ்வளவையும் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உறுப்பினர் எடுத்துப்போய்ச் சோதித்துத் திருப்பித் தரும்படி செய்யலாம் என்பது என் யோசனை. பல் லேப், பேக்கிங் மெஷின், ஏ.சி. வேலை எல்லாவற்றுக்கும் உதவும். முதல் கேஜை என் செலவில் வாங்கித் தருகிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோம்.

எங்கள் பழைய பம்ப் இப்போது உபரியாக அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எடை சரியில்லை என்றவுடன் தராசைத் தூக்கி எறியாமல் தட்டின் அடியில் தூசி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன என் தகப்பனாரை நினைத்துக்கொள்கிறேன்.